சங்கு எந்தப் பக்கம்?

தொடக்கப் பள்ளிக்கு அப்போது ஆண்டுக்கு 220 வேலை நாள். எங்கள் ஏப்ரல் கடைசியைத் தீர்மானித்தது இந்த ஓர் எண்தான். மழைக்கு விட்டது, உள்ளூர்த் திருவிழாவுக்கு விட்டது என்று நாள்கள் துண்டு விழுந்திருக்கும். முழுப் பரீட்சை முடிந்து, தாள் திருத்தி, தேர்ச்சிப் பட்டியல் எழுதி வைத்த பிறகும் அந்தத் துண்டை அடைக்கப் பள்ளி நடந்தாக வேண்டும். பாடம் இல்லை. பரீட்சை இல்லை. வருகைப் பதிவேடு மட்டும் உண்டு. பெரிய பள்ளிக்குப் போகும் அண்ணன்மார்கள் ஏரிக்கரைப் பனையில் நுங்குக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்க, என் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். பைக்குள் ஒன்றும் இருக்காது. வழக்கம் விடாமல் தூக்கி வருவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேல்சித்தாமூருக்கு வேலைக்குப் போனவள் நான். செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனம் போகும் வழியிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். வெளியூர்க்காரர்களுக்குச் செஞ்சி என்றால் கோட்டை. தமிழ்ச் சமணர்களுக்கு அந்தப் பக்கம் என்றாலே சித்தாமூர். ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களுக்கெல்லாம் இதுவே தலைமை மடம். பார்சுவநாதர் கோயிலின் கோபுரம் தூரத்திலேயே தெரியும். அதைவிடப் பழையது மலைநாதர் கோயில். மலை என்று பெயர்தான், உள்ளே இருப்பது ஒரு பாறை. பாகுபலி, பார்சுவநாதர், அம்பிகை என்று அந்தப் பாறையிலேயே சிற்பங்களைச் செதுக்கி, அதைச் சுற்றிக் கோயிலை எழுப்பியிருக்கிறார்கள்.

வகுப்பில் நயினார் என்று அழைக்கப்படும் சமணர் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம், குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம், காலனிப் பிள்ளைகள் கொஞ்சம். மதியச் சாப்பாட்டில் முட்டை வந்தால் யார் தட்டு யாருக்கு நகரும் என்பது அவர்களுக்குள் ஏற்கெனவே பேசி முடித்த விஷயம். ஆசிரியர் தலையிடத் தேவையே இருக்காது.

பரீட்சைக்குப் பிந்திய நாள்களில் என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொன்னதில்லை. பெரும்பாலும் தூய்மைப்பணிதான். பெஞ்சைத் துடை, கரும்பலகைக்குக் கரியும் ஊமத்தை இலையும் அரைத்துப் பூசு, வரைபடத்தைச் சுருட்டிக் கட்டு. 1987இல் வந்த கரும்பலகைத் திட்டத்தில் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி, கணக்குப் பெட்டி, உலக உருண்டை எல்லாம் கொடுத்திருந்தார்கள். எத்தனையோ பள்ளிகளில் அவை, உடைந்தால் யார் கணக்குக் கொடுப்பது என்ற பயத்தில், பீரோவுக்குள்ளேயே வயதாகிக்கொண்டிருந்தன. எங்கள் பெரிய சார் அந்த வகையில் தாராளம். “ஒடைஞ்சா ஒடையட்டும் டீச்சர், எழுதிக்கலாம்” என்று சாவியைக் கொடுத்துவிடுவார். தராசும் காந்தமும் குவிலென்சும் கைமாறிக் கைமாறி இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் அதுவும் சலித்துவிடும். லென்சை வைத்துக் காகிதம் எரிக்கக் கற்றுக்கொண்ட பையன் அதற்கு மேல் அதிலிருந்து எதையும் எதிர்பார்ப்பதில்லை.

அப்படி ஒரு நாள் பொழுது போகாமல், “யாருக்காவது ஏதாவது மனப்பாடமாத் தெரியுமா, பாடப் புத்தகத்தில் இல்லாதது?” என்று கேட்டேன். ஒரு பையன் செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை பஸ் நிறுத்தங்களை வரிசை பிசகாமல் சொன்னான். அவன் அப்பா கண்டக்டர் இல்லை, ஆசை மட்டும்தான். அடுத்து நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, மூச்சு விடாமல் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் பெயரையும் அவரவர் சின்னத்தையும் சொன்னாள். ஆதிநாதருக்குக் காளை, அஜிதநாதருக்கு யானை, சம்பவநாதருக்குக் குதிரை, அபிநந்தனருக்குக் குரங்கு என்று தொடங்கி, பார்சுவநாதருக்குப் பாம்பு, மகாவீரருக்குச் சிங்கம் என்று முடித்தாள். சமணச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உருவங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒரே நிலை, ஒரே அமைதி. பீடத்தில் இருக்கும் அந்தச் சின்னத்தை வைத்துத்தான் இன்னார் என்று பெரும்பாலும் அடையாளம் காண வேண்டும். இலாஞ்சனம் என்பார்கள். பார்சுவநாதர் தலைக்கு மேல் படமெடுத்த நாகத்தோடு தனியாகத் தெரிவார்.

அந்தப் பட்டியலைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது பக்தி இல்லை. இருபத்துநான்கு படம், வெட்டினால் இருபத்துநான்கு அட்டை என்பதுதான்.

கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வீடு கிடைக்கும். நாட்காட்டியின் பின் அட்டையும் சேர்த்துச் சித்திரைக்குள் கட்டுக் கட்டாக வந்து குவிந்தது. ஆளுக்கு ஒரு சின்னம் வரைய வேண்டும். யானைக்கும் சிங்கத்துக்கும் அடிதடி. சிரேயாம்சநாதரின் காண்டாமிருகத்தை யாரும் பார்த்ததில்லை. வரைந்தவன் தன் வீட்டு எருமையையே வரைந்து மூக்கில் ஒரு கொம்பு வைத்தான். பக்கத்திலிருந்தவனுக்கு வாசுபூஜ்யரின் எருமை. இரண்டும் ஒரே மாடாக இருந்ததால், நான் கொம்பை எண்ணித்தான் வேறுபாடு கண்டேன். சுமதிநாதரின் சக்கரவாகப் பறவைக்கு ஏரிக்கு வரும் தாராதான் மாதிரி. தர்மநாதரின் வச்சிராயுதத்தை வாங்கியவன் அழுதான், அதில் கால் இல்லை, வால் இல்லை என்று. மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? “எங்க பிள்ளையாருக்கு எலி இருக்குது டீச்சர்”, “முருகனுக்கு மயிலு, சேவலு ரெண்டு இருக்குது” என்று அவர்களும் அட்டை கேட்டார்கள். வேதக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் புறாவை வரைந்து கொண்டுவந்து தந்தான். கேட்காமலேயே.

படம் முடிந்ததும் தரையில் கோடு கிழித்தேன். உயிருள்ளவை இந்தப் பக்கம், உயிரற்றவை அந்தப் பக்கம். அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம்தானே, ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தேன். ஒன்றரை நாள் ஓடியது.

விலங்குகள் தொல்லை கொடுக்கவில்லை. காளை முதல் சிங்கம் வரை பதினைந்து, பறவை ஒன்று, ஆகப் பதினாறு. தாமரை, நீலோற்பலம், கற்பக மரம் மூன்றும் சின்னச் சச்சரவுக்குப் பிறகு அதே பக்கம் போயின. கலசம், சுவஸ்திகம், வச்சிரம் மூன்றும் உயிரற்ற பக்கம். சந்திரபிரபரின் பிறைக்கு வந்ததும் வண்டி நின்றது. “உயிருள்ளது வளரும்னு புக்குல போட்டிருக்குது டீச்சர். நெலா வளருது. தேயுது. அப்ப உசுரு இருக்குதுல்ல?” கேட்டவன் காலனிப் பையன், பரீட்சையில் அறிவியலில் முப்பத்தைந்து தாண்டாதவன். புத்தகத்து வரையறையின் ஓட்டையை அவ்வளவு சுளுவாக வேறு யாரும் எனக்குக் காட்டியதில்லை. ஒரு பெண்தான் அவனுக்குப் பதில் சொன்னாள்: “வளந்தா மறுபடி சின்னதாவாது. ஒங்க தம்பி தேயறானா?” பிறை உயிரற்ற பக்கம் போனது. அங்கே நான்கு, இங்கே பத்தொன்பது.

மிச்சம் ஒன்று, நேமிநாதரின் சங்கு. கடலை ஒருமுறைகூடப் பார்க்காத பிள்ளைகள் பாதிக்கு மேல். அவர்கள் அறிந்த சங்கு எழவு வீட்டில் ஊதுவது, குழந்தைக்குப் பால் புகட்டுவது. “அதுல ஏது உசுரு?” என்றது ஒரு கட்சி. புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய் வந்த ஒருத்தி, “உள்ள பூச்சி இருக்கும், அது கட்டின வீடுதான் சங்கு” என்றாள். வீடு உயிருள்ளதா? நத்தை செத்த பிறகு ஓடு எந்தப் பக்கம்? அப்படியானால் பொந்து? குருவிக் கூடு? பேச்சு எங்கெங்கோ போனது. நான் தீர்ப்புச் சொல்லாமல் சங்கை நடுக்கோட்டின் மேலேயே வைத்துவிட்டு, வீட்டில் கேட்டு வாருங்கள் என்றேன்.

மறுநாள் அந்த நான்காம் வகுப்புப் பெண் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். “எங்க ஆயா சொல்லிச்சு, சங்கு ரெண்டறிவு!”

சமணத்தில் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் அடுக்குவார்கள். மண்ணும் நீரும் மரமும் தொடு உணர்வு மட்டும் உள்ள ஓரறிவு. சங்கும் புழுவும் சுவையும் சேர்ந்த ஈரறிவு. எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு, மாட்டுக்கும் மனிதனுக்கும் ஐந்து. தொல்காப்பிய மரபியலிலும் கிட்டத்தட்ட இதே ஏணி உண்டு. நத்தையினம் அங்கேயும் ஈரறிவுதான். மனம் என்ற ஆறாவது அறிவை மனிதருக்குச் சேர்த்திருப்பார்கள். ஆசிரியப் பயிற்சியில் தொல்காப்பியத்தை நூற்பா எண்ணோடு எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அது ஒரு கிழவியின் அடுப்படியில் புழங்கிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கோட்டை அழித்துவிட்டு ஐந்து கட்டம் போட்டோம். அதற்குப் பிறகுதான் ஆட்டமே சூடு பிடித்தது. பாம்புக்குக் காது உண்டா? மீனுக்கு மூக்கு? எருமைக்கு எத்தனை? எல்லாம் வந்தது. எறும்புக்குக் கண் உண்டு என்று இன்றைய அறிவியல் சொல்வதைச் சொன்னேன். ஆயாவிடம் அதையும் போய்ச் சொன்னார்களாம். “உங்க டீச்சர் எறும்பு கண்ணைப் பாத்தாங்களா?” என்று திருப்பிக் கேட்டு அனுப்பியிருந்தார். அன்றுதான் பீரோவிலிருந்த குவிலென்சுக்கு உருப்படியான வேலை கிடைத்தது. எறும்பைப் பிடிக்கக் கூடாது, நசுங்கிவிடும் என்று நயினார் வீட்டுப் பிள்ளைகள் ஒரே பிடியாக நின்றதால், சர்க்கரை வைத்து அது வரும்வரை எல்லாரும் தரையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தோம். பூச்சி சேகரித்து அட்டையில் குண்டூசி குத்துவதுதான் அப்போதெல்லாம் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித்தந்த செயல்பாடு. மேல்சித்தாமூரில் அது நடக்காது. நடக்காததால் நாங்கள் பூச்சி அசைவதைப் பார்த்தோம். குத்தி வைத்திருந்தால் அது தெரிந்திருக்காது.

மற்ற வேலைகளை இவ்வளவு விரிக்கத் தேவையில்லை. பார்சுவநாதர் கோயில் மானஸ்தம்பத்தின் உயரத்தை நிழலை வைத்து ஐந்தாம் வகுப்பு கணக்கிட்டது. ஒரு மீட்டர் குச்சியை நட்டு, அதன் நிழலையும் கம்பத்தின் நிழலையும் அளந்தால் போதும், விகிதம்தான். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏப்ரல் மாதக் கல்தளத்தில் நிற்க வேண்டும். குச்சியை அளந்தவன் குதித்துக் குதித்துக் கம்பத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நிழல் கொஞ்சம் நகர்ந்திருக்கும். நான்கு குழு, நான்கு விடை. கோயிலில் பூசை செய்யும் உபாத்தியாயர் சிரித்துக்கொண்டே, கம்பம் யார் பக்கம் குட்டை என்று கேட்டார்.

1993 செப்டம்பர் கடைசியில் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. சுவர்ப்படம் பழையது. அந்தக் கல்வியாண்டின் கடைசி நாள்களில் பிள்ளைகள் பழைய படத்தின்மேல் எண்ணெய்க் காகிதம் வைத்துப் புது எல்லையைப் போட்டார்கள். கடலூர் போய்விட்டதால் நம் மாவட்டத்தில் துறைமுகம் இல்லை என்பதில் ஒருவனுக்கு நிஜமாகவே வருத்தம்.

செஞ்சிக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிப் போவதும் உண்டு. ராஜகிரி உச்சிக்குச் சின்னப் பிள்ளைகளை ஏற்ற எனக்குத் தைரியம் வந்ததில்லை. அடிவாரத்தில் கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக் குளம். அவ்வளவுதான். 1677இல் சிவாஜி பிடித்தது, அவர் மகன் ராஜாராமை முகலாயப் படை எட்டு ஆண்டு முற்றுகையிட்டுக் கிடந்தது எல்லாம் சொல்வேன். அவர்களுக்குத் தேசிங்குராஜன் குதிரை மட்டும் போதும். 2025இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்ததைச் செய்தியில் பார்த்தபோது, களஞ்சியச் சுவரில் எதிரொலி கேட்கக் கத்தியே தொண்டை கட்டிக்கொண்டவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது திருநாதர்குன்று. செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரம் போகும் வழி. ஒரே பாறையில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என்று இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் இருப்பார்கள். இன்னொரு பாறையில் சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்து வளர்ந்த கதையைச் சொல்பவர்கள் தவறாமல் காட்டும் கல்வெட்டு அது. 57 நாள் என்றால் எத்தனை வாரம் என்று கணக்குக் கேட்டேன். எட்டு வாரம் ஒரு நாள் என்று பதில் வந்தது. கோடை விடுமுறையைவிட நீளம் என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் கையைத் தூக்கினான். “சனி, ஞாயிறுகூடவா டீச்சர்?”

இதையெல்லாம் எழுதும்போது வகுப்பு நிறைய பிள்ளைகள் இருந்ததுபோலத் தோன்றும். இல்லை. பங்குனி கடைசியிலிருந்து கிணற்றுப் பாசனத்து மல்லாட்டை பிடுங்குவார்கள். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். ஆண்கள் செடியைப் பிடுங்கிப் போட, பெண்களும் பிள்ளைகளும் காய் ஆய்வார்கள். ஆய்ந்ததில் ஒரு பங்கு கூலி, காயாகவே. பரீட்சை முடிந்த பிறகு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று அந்த வீடுகளில் போய்க் கேட்க எனக்கு வாய் வராது. “பாஸ்னு எழுதிட்டீங்கல்ல டீச்சரம்மா, அப்பறம் என்னாத்துக்கு?” என்று ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அவருடைய ஒரு நாள் காயை ஈடுசெய்யும் பதில் இல்லை. நிலா வளருது என்று சொன்ன பையனே சங்கு விவகாரம் முடிவதற்குள் கொல்லைக்குப் போய்விட்டான்.

மறு ஆண்டு அட்டை வேலையைப் பிப்ரவரிக்கு இழுத்துக்கொண்டேன். பாடம் பின்தங்கியது. பெரிய சார் பாடக்குறிப்பேட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், கையெழுத்தும் போட்டார். மகாவீரர் ஜெயந்திக்கு முன்னால், மல்லாட்டைக்கு முன்னால், எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் ஒன்று குறைந்தது. பிப்ரவரியில் என் ஒரு கண் நாட்காட்டியிலேயே இருந்தது. சங்கைக் கோட்டின்மேல் ஒன்றரை நாள் விட்டுவைக்க எனக்கு அந்த மாதத்தில் மனசு வரவில்லை.

பிறகு செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் பழகிய முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது தொடங்கியது. 2007–08இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவியது. பெஞ்சு வெளியே போனது, பாய் உள்ளே வந்தது. சுவரடியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் செய்தது தொங்கும். பாடங்களெல்லாம் அட்டைகளாக வந்து இறங்கின. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம். பிள்ளை சுவரிலிருக்கும் ஏணிப்படத்தைப் பார்த்து, தன் படிக்குரிய சின்னத்தைத் தட்டில் தேடி எடுத்து உட்கார வேண்டும். எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளைகூடத் தன் அட்டை எது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சின்னம். முதல் கட்டு பிரித்தபோது நான் சிரித்துவிட்டேன். யானையைப் பார்த்துப் பாடத்தை அறியும் வித்தையை இந்த ஊருக்கா சொல்லித் தர வேண்டும்?

அந்த முறையைக் குறை சொன்னவர்கள் ஏராளம். ஆசிரியருக்கு வேலை போனது என்றார்கள். தரையில் உட்கார்ந்தால் மரியாதை போனது என்றவர்களும் உண்டு. என் குறை வேறு. அச்சடித்து வந்த அட்டையில் விடை முடிவாகிவிட்டது. உயிருள்ளது, உயிரற்றது என்று பிரித்தால் அட்டை நகரும், அடுத்த படி. கோட்டின்மேல் நிற்கும் பொருளுக்கு ஏணியில் படி இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொல்லைக்குப் போன பையன் பத்து நாள் கழித்து வந்தால், விட்ட படியிலிருந்தே ஏறிக்கொள்ளலாம். அவனுக்காக வகுப்பும் நிற்காது, வகுப்புக்காக அவனும் தாவ வேண்டாம். ஏப்ரல் கடைசியில் இருந்தவர்களுக்கு மட்டும் நான் கொடுத்துக்கொண்டிருந்ததை, வந்து போகிறவனுக்கும் ஆண்டு முழுக்கக் கொடுத்தது அந்த ஏணிதான். என் அட்டைகள் அழகு. அவற்றால் இதைச் செய்ய முடிந்ததில்லை. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது நான் ஓய்வில் இருந்தேன். படங்கள், பொம்மலாட்டம், பாட்டு எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. உள்ளேயிருந்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஓய்வுக்கு முன், அரசு அட்டைத் தட்டின் கடைசிப் பெட்டியில் எங்கள் கல்யாணப் பத்திரிகை அட்டைகளையும் சொருகி வைத்திருந்தேன். ஓரம் கிழிந்து, காண்டாமிருகத்தின் கொம்பு மங்கி, கலசத்தின் பின்பக்கம் எந்த ஊர் மாப்பிள்ளை என்று படிக்க முடியாமல் போயிருந்தது. பார்வைக்கு வந்த ஒருவர் கட்டை எடுத்துப் புரட்டி, “இது எந்தப் படி டீச்சர்?” என்று கேட்டார். படி இல்லை சார், நேரம் மிஞ்சினால் என்றேன். நேரம் மிஞ்சியவர்கள் அப்போது இரண்டு பேர் பாயில் இருந்தார்கள். சங்கைப் பற்றி அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தொலைக்காட்சியில் கடலுக்கடியில் அது நடந்து போவதைப் பார்த்திருந்தார்கள். சண்டை வேறு இடத்தில். கலசத்தில் தண்ணீர் இருக்குமே, தண்ணீர் ஓரறிவு என்று வீட்டில் சொல்கிறார்களே, அப்படியானால் கலசம் எந்தப் பக்கம்?